வார்த்தைக்குள் ஒளிந்திருப்பவன் யார்?

"கிரைஸிஸ்" என்றால் நெருக்கடி. "டிஸாஸ்டர்" என்றால் பேரழிவு. "ரிஸெஷன்" என்றால் மந்தம். "எமர்ஜென்ஸி" என்றால் அவசர நிலைமை. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ், நடுவே ஒரு சமக்குறி. உலக நெருக்கடி, பேரழிவு, அரசியல் பற்றிய ஆங்கில வார்த்தைகளை இப்படிப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறார்கள். பரீட்சை எழுதப் போகும் நம் பிள்ளைகள் இரவெல்லாம் உருப்போடுகிறார்கள். உருப்போட்டவனுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது, உலக ஞானமும் வந்துவிட்டது என்று சொல்லிக்கொடுத்தவர் முடித்துவிடுகிறார்.

இது போதாது என்கிறோம் நாம். போதாது என்பது மட்டுமல்ல, அந்தச் சமக்குறியே பொய் என்கிறோம்.

"மொழி படிப்பதில் வர்க்கம் எங்கே வந்தது? வார்த்தை வார்த்தைதானே!" என்று கனவான்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். வார்த்தையில் வர்க்கம் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறோம்.

அதற்கு முன்னால் இன்னொரு கூட்டத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். "ஆங்கிலம் துரைமார் பாஷை. தறியில் நிற்பவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் அது எதற்கு?" என்பது இவர்களுடைய வாதம். நமக்காகப் பரிந்து பேசுவதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் ஆலை கேட்டில் ஒட்டுகிற நோட்டீஸ் எந்த பாஷையில் இருக்கிறது? பாங்கியில் கைநாட்டு வாங்குகிற கடன் பத்திரம் எந்த பாஷையில் இருக்கிறது? பயிர் இன்ஷூரன்ஸின் ஷரத்துக்கள் எந்த பாஷையில் இருக்கின்றன? 1946-ம் வருஷத்து நிலையாணைச் சட்டம், ஆலையின் வேலை விதிகளை ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியிலும் ஒட்ட வேண்டும் என்று சொன்னது. ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டினால் தொழிலாளியை ஏமாற்ற முடியும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது! தெரியாத பாஷையில் எழுதிய பத்திரத்துக்குக் கைநாட்டுப் போடு என்பவன் நமக்கு நண்பனா? இல்லை. ஆகவே படிப்போம். கட்டாயம் படிப்போம். எப்படிப் படிப்பது என்பதுதான் கேள்வி.

நட்சத்திரத்தின் மீது பழி

"டிஸாஸ்டர்" என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். இது இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. கெட்ட நட்சத்திரம் என்பதுதான் இதன் வேர். கிரகம் சரியில்லை, அதனால் நாசம் வந்தது என்று நம் ஊர் ஜோசியன் சொல்லுவதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. அந்த வார்த்தையை உச்சரித்ததுமே குற்றவாளி ஆகாயத்துக்குப் போய்விடுகிறான். பூமியில் ஒருவரும் அகப்படமாட்டார்.

1984 டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவில் போபால் நகரத்தில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கிளம்பியது. தூங்கிக்கொண்டிருந்த ஏழைக் குடும்பங்கள் மூச்சுத் திணறி மடிந்தன. சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கே 5,000-க்கு மேல். இதற்கு ஆங்கிலப் பத்திரிகைகள் சூட்டிய பெயர் "போபால் டிராஜெடி", "போபால் டிஸாஸ்டர்". விஷத் திரவத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் வேலை செய்யவில்லை. இயந்திரத்தை நிறுத்தியது எந்த நட்சத்திரம்? செவ்வாயா, சனியா? கம்பெனியோ இன்னும் ஒரு படி மேலே போய் "ஸாபடாஜ்" என்றது. அதாவது யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே செய்த நாசவேலை என்று பழியைத் திருப்பியது! 1989-ல் 47 கோடி டாலருக்கு விவகாரம் "ஸெட்டில்மெண்ட்" ஆயிற்று. கம்பெனியின் தலைவர் ஆண்டர்ஸன் இந்தியக் கோர்ட்டில் ஒரு நாள்கூட விசாரணைக்கு நிற்காமலே 2014-ல் இறந்துபோனார்.

ஒரே சம்பவத்துக்கு மூன்று ஆங்கில வார்த்தைகள். ஒன்று நட்சத்திரத்தைக் காட்டுகிறது. ஒன்று தொழிலாளியைக் காட்டுகிறது. ஒன்று கணக்குப் புஸ்தகத்தை மூடுகிறது. முதலாளியைக் காட்டுகிற வார்த்தை மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

புயலும் வெள்ளமும் இயற்கை என்றே வைத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. காற்று எல்லோர் மேலும்தான் அடித்தது. ஆனால் தென்னை வைத்திருந்தவருக்கு மரக் கணக்கில் நஷ்டஈடு எழுதினார்கள். அந்தத் தென்னையில் ஏறிப் பிழைத்தவருக்கு எந்தக் கணக்கு? மட்டை உரித்தவருக்கு, கீற்று முடைந்தவளுக்கு எந்தக் கணக்கு? புயல் இயற்கை. மாடி வீட்டை விட்டுவிட்டுக் குடிசையைத் தேர்ந்தெடுப்பது இயற்கை அல்ல.

பஞ்சம் என்று சொல்ல மறுத்த சர்க்கார்

வார்த்தைக்கு ரூபாய் அணா மதிப்பு உண்டா? உண்டு. வங்காளத்தைப் பாருங்கள்.

1943-ல் வங்காளத்தில் ஜனங்கள் தெருவில் விழுந்து செத்தார்கள். பிரிட்டிஷ் சர்க்காரிடம் பஞ்ச விதித் தொகுப்பு என்று ஒன்று இருந்தது. "ஃபேமின்", அதாவது பஞ்சம், என்று பிரகடனம் செய்துவிட்டால் அந்த விதிகளின்படி நிவாரண வேலை திறந்தாக வேண்டும், உணவு கொடுத்தாக வேண்டும். ஆகவே என்ன செய்தார்கள்? கடைசிவரை அந்த வார்த்தையைப் பிரகடனம் செய்யவே இல்லை! ஒரு வார்த்தையை விழுங்கிக்கொண்டார்கள். சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன் 1945-ல் சொன்ன கணக்கு 15 லட்சம் சாவு. பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்லுவது ஏறக்குறைய 30 லட்சம்.

ஜப்பான்காரன் வந்தால் அகப்படக்கூடாது என்று 1942-ல் கடலோர வங்காளத்தில் படகுகளைப் பறித்தார்கள், நெல்லை அப்புறப்படுத்தினார்கள். மீன்பிடிப்பவனின் பிழைப்பு போயிற்று. அரிசியைக் கொண்டுபோக வழியில்லாமல் போயிற்று. இதற்கு அவர்கள் வைத்த பெயர் "டினயல் பாலிஸி", மறுப்புக் கொள்கை. யாருக்கு மறுத்தார்கள்? பேப்பரில் ஜப்பான்காரனுக்கு. நடப்பில் வங்காளத்துக் கூலிக்காரனுக்கு.

அந்த நாளில் ஒரு கலைஞர், நம்முடைய தோழர் சித்தபிரசாத், பஞ்சப் பிரதேசங்களில் கால்நடையாகச் சுற்றிக் கண்டதையெல்லாம் படமாக வரைந்தார். புஸ்தகத்துக்கு "ஹங்ரி பெங்கால்" என்று பெயர் வைத்தார். "பற்றாக்குறை வங்காளம்" என்று வைக்கவில்லை, "பசித்த வங்காளம்" என்று வைத்தார். சர்க்கார் அந்தப் புஸ்தகத்தைப் பறிமுதல் செய்து எரித்தது. இதுவும் ஆங்கில வார்த்தைதான், தோழர்களே! பசி என்ற சின்ன வார்த்தை. அதைக் கண்டு சாம்ராஜ்யம் பயந்தது.

நம்முடைய சென்னை ராஜதானிக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்குப் போன ஜனங்களுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பக் காசும்தான் கூலி என்று ஒரு துரை வெட்டினார். மண் சுமந்தவனுக்கு அரைக் கிலோகூட இல்லை. "டெம்பிள் வேஜ்" என்று சரித்திரப் புஸ்தகங்கள் இதைச் சொல்லுகின்றன. அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவன் இதைக் "கோவில் கூலி" என்று எழுதிவிடுவான். கோவிலுமில்லை, பிரசாதமுமில்லை. ரிச்சர்டு டெம்பிள் என்பது அந்தத் துரையின் பெயர். சமக்குறி போட்டுப் படித்தால் இந்தக் கதிதான்!

யுத்தத்துக்கு எத்தனை முகமூடி!

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் ரத்தம் சிந்தியது உங்களில் பலருடைய குடும்பங்களுக்குத் தெரியும். 1948-ல் பிரிட்டிஷார் அங்கே கம்யூனிஸ்டுகளின் மேலும் தொழிற்சங்கங்களின் மேலும் பாய்ந்தார்கள். 1960 வரை, 12 வருஷம், பட்டாளமும் விமானமும் வைத்துச் சண்டை போட்டார்கள். சுமார் 5 லட்சம் ஜனங்களைக் குடியிருந்த இடத்திலிருந்து பெயர்த்து முள்வேலிக்குள் வைத்தார்கள். முள்வேலிக்கு வைத்த பெயர் "நியூ வில்லேஜ்", புதுக் கிராமம்! 12 வருஷச் சண்டைக்கு வைத்த பெயர் யுத்தம் அல்ல, "எமர்ஜென்ஸி". ஏன்? யுத்தம் என்று சொன்னால் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் ஏற்படுகிற நஷ்டத்துக்கு லண்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் கொடுக்காது. அவசர நிலைமை என்றால் கொடுக்கும். தோட்ட முதலாளியின் பாலிஸி செல்லுபடியாவதற்காக ஒரு யுத்தத்தின் பெயரை மாற்றினார்கள்.

இந்த "அவசர நிலைமை"யில்தான் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த தமிழர், தோழர் எஸ். ஏ. கணபதி, 1949 மே 4-ல் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள் தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்தாங் காலி என்ற இடத்தில் 1948 டிசம்பரில் ஆயுதமில்லாத 24 தோட்டத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். "தப்பி ஓட முயன்றார்கள்" என்று அறிக்கை வந்தது. அடுத்த தடவை "எமர்ஜென்ஸி = அவசர நிலைமை" என்று உருப்போடும்போது இந்த 24 பேரையும் சேர்த்துப் படியுங்கள்.

இந்த வித்தை மலாயாவோடு நின்றதா? கொரியாவில் 1950-ல் யுத்தம் மூண்டது. அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் அதைப் "போலீஸ் ஆக்ஷன்" என்று ஒப்புக்கொண்டார். லட்சக்கணக்கில் ஜனங்கள் மடிந்த போலீஸ் நடவடிக்கை! 1956-ல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மேல் குண்டு போட்ட பிரிட்டிஷ் பிரதமர் ஈடன், இது யுத்தமல்ல, "ஆயுத மோதல்" என்றார். 2003-ல் இராக்கின் மேல் பாய்ந்தவர்கள் "வெப்பன்ஸ் ஆஃப் மாஸ் டிஸ்ட்ரக்ஷன்" என்று உலகத்துக்கே ஆங்கிலப் பாடம் நடத்தினார்கள். நாட்டைச் சல்லடை போட்டுத் தேடியும் அந்த ஆயுதம் அகப்படவில்லை. 2022-ல் உக்ரைனுக்குள் படை அனுப்பிய புதின் அதை "விசேஷ ராணுவ நடவடிக்கை" என்றார். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முகமூடி முகமூடிதான். பீரங்கி வைத்திருப்பவன் யுத்தம் என்ற வார்த்தையைக் கண்டு கூச்சப்படுகிறான். கிழக்கானாலும் மேற்கானாலும், சாகிறவன் சிப்பாய்ச் சட்டை போட்ட ஏழை வீட்டுப் பிள்ளை.

"கொலாட்டரல் டேமேஜ்" என்று ஒரு பிரயோகம். "கொலாட்டரல்" நம் விவசாயிக்குப் பழகிய வார்த்தை. கடன் கேட்கப் போனால் பாங்கி கேட்பது அதுதான், ஈடு. ஏழையிடம் ஈடு இல்லை என்றால் கடன் இல்லை. அதே வார்த்தை யுத்தத்தில் வரும்போது ஏழையின் உயிருக்கே "பக்கத்துச் சேதம்" என்று பெயர் ஆகிவிடுகிறது. குண்டு போட்டவன் குறி வைத்தது வேறாம். பக்கத்தில் நின்றதுதான் அந்தக் குழந்தை செய்த குற்றமாம்.

ஆலை கேட்டில் தொங்கும் அகராதி

இனி நம்முடைய கேட்டுக்கு வருவோம்.

"ரேஷனலைஸேஷன்" என்றார்கள். பகுத்தறிவு என்ற வேரிலிருந்து பிறந்த வார்த்தை. இரண்டு பேர் பார்த்த தறிகளை ஒருவன் தலையில் கட்டுவது பகுத்தறிவாம். அதை எதிர்ப்பவன் அறிவில்லாதவனாம்! 1955-ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் இந்தப் "பகுத்தறிவை" எதிர்த்து 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டத் தெரிந்திருக்கும்? ஆனால் அதன் அர்த்தம் அகராதிக்காரனைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"லே-ஆஃப்" என்கிறார்கள். "ஆர்டர் இல்லை, லே-ஆஃப் ஆகிவிட்டது" என்று மழை பெய்ததைப்போலச் சொல்லுகிறார்கள். 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் சேர்க்கப்பட்ட விளக்கம் என்ன சொன்னது? முதலாளி வேலை கொடுக்கத் தவறுவது, மறுப்பது, அல்லது அவரால் கொடுக்க இயலாமற்போவது. பாருங்கள், தோழர்களே! சட்டத்தின் ஆங்கிலத்தில் முதலாளி இருக்கிறார். பத்திரிகையின் ஆங்கிலத்தில் காணாமல் போய்விடுகிறார். எங்கே போனார்? நாம் படிக்காததால் அவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது.

"ஃப்ளெக்ஸிபிலிடி" என்று இப்போது ஒரு வார்த்தை ஆட்சி செய்கிறது. வளைந்துகொடுத்தல். யார் வளைய வேண்டும்? முன்பு 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற ஆலையில் ஆட்குறைப்புச் செய்ய சர்க்கார் அனுமதி வேண்டும் என்று இருந்தது. 2020-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக்கியது. 299 பேர் வேலை பார்க்கிற ஆலையில் வளைய வேண்டியது தொழிலாளியின் முதுகெலும்புதான்.

பணத்தின் பாஷையைக் கேளுங்கள். 2008 செப்டம்பர் 15-ல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் பாங்கி திவாலாயிற்று. மற்ற பாங்கிகளைக் காப்பாற்ற அந்த நாட்டுச் சர்க்கார் 70,000 கோடி டாலருக்கு வழி செய்தது. இதற்கு "பெய்ல்-அவுட்" என்று கௌரவமான பெயர். அதே பத்திரிகைகளில் ஏழைக்கு அரிசி கொடுத்தால் "ஃப்ரீபீ", ஓசி. முதலாளிக்கு வரி தள்ளினால் "இன்ஸென்டிவ்", ஊக்கம். விவசாயிக்குக் கடன் தள்ளினால் "பாப்புலிஸம்", ஓட்டுக்காகச் செய்கிற ஜாலம். பணம் ஒன்று, கஜானா ஒன்று. போய்ச் சேருகிற வீட்டைப் பார்த்து வார்த்தை மாறுகிறது.

நாம் கொடுத்த வார்த்தைகள்

இதையெல்லாம் படித்துவிட்டு ஆங்கிலமே முதலாளியின் சொத்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உழைக்கிறவனும் அந்த பாஷைக்கு வார்த்தை கொடுத்திருக்கிறான்.

1768-ல் லண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டுக் கப்பல்களின் பாய்களை இறக்கிப் போட்டார்கள். பாயை இறக்குவதற்கு ஆங்கிலத்தில் "ஸ்ட்ரைக்". அன்றிலிருந்து வேலைநிறுத்தத்துக்கே அது பெயராயிற்று. 1880-ல் அயர்லாந்தின் மாயோ ஜில்லாவில் ஒரு பிரபுவின் நிலத்துக்கு ஏஜெண்டாக இருந்து குத்தகைக்காரர்களை வெளியேற்றப் பார்த்தவர் கேப்டன் பாய்காட். ஊர் ஒன்றுகூடியது. அவர் வயலில் அறுக்க ஆள் போகவில்லை. கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்து, பட்டாளத்தைக் காவல் வைத்து அறுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் துரை ஊரை விட்டே போனார். அவர் பெயர் மட்டும் உலகத்து அகராதிகளிலெல்லாம் நின்றுவிட்டது. மேற்கு வங்காளத்துத் தொழிலாளர்கள் 1960-களில் கொடுத்த "கெராவ்" என்ற வார்த்தையும் ஆங்கில அகராதிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அகராதி எழுதியவன் மனமிரங்கிச் சேர்த்தானா? இல்லை. போராட்டம் அவனைச் சேர்க்க வைத்தது.

எப்படிப் படிப்பது?

சங்க ஆபீஸிலும், படிப்பகத்திலும், சேரித் தெருவின் இரவுப் பள்ளியிலும் இந்த வேலையைத் தொடங்கலாம். பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். ஒரு நோட்டுப் புஸ்தகம், ஒரு ஆங்கிலப் பத்திரிகை, படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை போதும். வாரத்துக்கு ஐந்து வார்த்தை. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்.

செய்தவன் யார்? பட்டவன் யார்? இந்த வார்த்தையால் மிச்சம் யாருக்கு?

"லேபர் அன்ரெஸ்ட் காரணமாக ஆலை மூடப்பட்டது" என்று பத்திரிகையில் வந்தால், மூடியது யார் என்று கேளுங்கள். போனஸ் பேச்சுக்கு வராமல் கேட்டைப் பூட்டியவர் முதலாளி என்றால் அதையே எழுதுங்கள். "துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது" என்று வந்தால், துப்பாக்கி தானாக வெடிக்காது என்று எழுதுங்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 உயிர்கள் போயின. "நடந்தது" என்ற வினையில் சுட்டவன் இல்லை, சுடச் சொன்னவனும் இல்லை. ஆங்கிலப் பத்திரிகைக்கு மட்டும் சொந்தமான வித்தை அல்ல இது. தமிழ்ப் பத்திரிகைகளும் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கின்றன.

இந்தச் சோதனையை நம்முடைய வார்த்தைகளுக்கும் வைக்க வேண்டும். "சதி", "துரோகம்" என்று யாரும் எளிதாகச் சொல்லிவிடலாம். செய்தவன் யார், எப்படிச் செய்தான், எந்தத் தேதியில், எவ்வளவு ரூபாய் என்று சொல்ல முடியாவிட்டால் அதுவும் வெறும் சப்தம். தொழிலாளி வர்க்கத்துக்கு முகமூடி தேவையில்லை. நமக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

உங்கள் மகன் பரீட்சைக்குப் பட்டியலை உருப்போடட்டும், தடுக்காதீர்கள். மார்க்கு வாங்கட்டும், வேலைக்குப் போகட்டும். ஆனால் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு சமக்குறிக்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி போட அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதைச் சொல்லிக்கொடுக்க நீங்கள் ஆங்கிலம் படித்திருக்க வேண்டியதில்லை. லே-ஆஃப் என்றால் என்ன என்பது அடுப்பு எரியாத வீட்டுக்குத் தெரியும். டிஸாஸ்டர் என்றால் என்ன என்பது கூரை போன குடிசைக்குத் தெரியும். உங்களிடம் இருப்பது அர்த்தம். பிள்ளையிடம் இருப்பது எழுத்து. இரண்டும் ஒரே பாயில் உட்காரட்டும்.

தோழர்களே! படியுங்கள். படித்த வார்த்தையை மில் கேட்டுக்கும் களத்துமேட்டுக்கும் கொண்டுவந்து பத்துப் பேர் முன்னால் பிரித்துக் காட்டுங்கள். உள்ளே ஒளிந்திருப்பவனை வெளியே இழுத்து நிறுத்துங்கள்!